த்ரோ ரேஷியோ: ‘எறிவிகிதம்’ வேண்டாம், ‘தொலைமடங்கு’ என்று வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் ப்ரொஜெக்டர் வைத்துப் படம் பார்ப்பதற்கான கையேட்டுக்காக ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் போட்ட தமிழ்ச் சொற்பட்டியல் பார்த்தேன். பாதிக்கு மேல் சரிதான், சிலவற்றில்தான் பேச்சு. முதலில் த்ரோ ரேஷியோ, அதாவது ப்ரொஜெக்டரைத் திரையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று கணக்குப் போட உதவும் எண். அதற்கு ‘எறிவிகிதம்’ என்று போட்டவர் சொன்ன காரணம்:

> த்ரோ என்றால் எறிதல், எனவே எறிவிகிதம்.

அண்ணே, எறிபொருள் என்று இயற்பியல் பாடத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. அடுத்து வந்த ‘வீச்சு விகிதம்’ அதைவிடச் சிக்கல், அலைக்கும் வீச்சு உண்டு, புள்ளியியலுக்கும் வீச்சு உண்டு. அது போகட்டும். இரண்டுமே எதை எதால் வகுப்பது என்று சொல்வதில்லை, அளவு நாடாவோடு கொல்லையில் நிற்கிறவருக்கு வேண்டியதோ அது ஒன்றுதான். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரம் படத்தின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு? கணக்கு அவ்வளவே, அதனால்தான் ‘தொலைமடங்கு’ என்கிறேன். கடையில் 100 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது, 16:9 படமானால் அகலம் சுமார் 2.2 மீட்டர். தொலைமடங்கு 1.5 என்றால் 3.3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், 0.5 என்றால் 1.1 மீட்டர் போதும். துணிக்கொடி, தென்னை, தண்ணீர்த்தொட்டி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு அப்புறம் ப்ரொஜெக்டர் வாங்கலாம்.

0.5 மடங்கு என்பது காதுக்கு நெருடும் என்று யாராவது சொல்வீர்கள். அரை மடங்கு என்று நாம் சொல்வதில்லையா? ஜூம் லென்ஸுக்கும் ‘தொலைமடங்கு 1.3 முதல் 1.6 வரை’ என்று தடங்கல் இல்லாமல் எழுத முடிகிறது.

இதிலிருந்தே, கிட்டத்தில் வைத்தாலே பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ வகைக்குக் ‘குறுந்தொலை’, திரைக்கு வெகு அருகில் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கு ‘மீக்குறுந்தொலை’. (சுவரை ஒட்டி நிற்பதால் ‘சுவரொட்டி’ என்று எழுதியவருக்கு ஒரு கும்பிடு, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.) ஆனால் மீக்குறுந்தொலை வகை வெளியில் தொங்கும் துணித்திரைக்கு ஒத்து வராது என்பதைக் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள். ஒளி கீழிருந்து மிகச் சாய்வாகத் திரையில் படுவதால் துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் படத்தில் கோணலாகத் தெரியும், காற்றடித்தால் கேட்கவே வேண்டாம். விறைப்பான சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரை இருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கோணலாக விழும் படத்தைச் சரிசெய்யும் கீஸ்டோன் கரெக்‌ஷனில், கீஸ்டோனுக்குச் ‘சாவிக்கல்’ என்று போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. கட்டட வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்பு வடிவக் கல் அது, சாவிக்கும் இங்கே வேலை இல்லை, கல்லுக்கும் வேலை இல்லை. கருவியை மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்று கீழே குறுகுகிறது, பள்ளிக் கணக்கில் அந்த வடிவத்துக்குச் சரிவகம் என்றே பெயர். ஆகவே ‘சரிவகத் திருத்தம்’. கருவி இதை டிஜிட்டலாகச் செய்யும்போது படத்தை உருவாக்கும் சில்லுக்குள்ளேயே (சிப்) அதைச் சுருக்குகிறது, கொஞ்சம் பிக்சலும் வெளிச்சமும் வீணாகும். முதலில் நேராக வைக்கப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இடத்தின் பெயருக்கு வருவோம். ‘கொல்லைத் திரையரங்கு’ எனக்குப் பிடிக்கவில்லை, ‘கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ‘கொட்டகை’ ஆசையான சொல்தான், 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய வரலாறு அதன் பின்னால் இருக்கிறது, ஆனால் கொட்டகைக்குக் கூரை உண்டே, இங்கே கூரை இல்லாததுதானே விஷயம்! யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘முற்றம்’ எனக்குச் சம்மதம். அவர்களுக்கு அது வீட்டுக்கு முன்னால், செட்டிநாட்டில் வீட்டுக்கு நடுவில், ஆனாலும் இரண்டிலும் அண்ணாந்தால் வானம் தெரியும். ‘முற்றத்திரை’ என்று எழுதிவிடலாம்.

மீதி இருப்பது திரையின் கெயின், அதாவது சாதாரண வெள்ளைத் திரையைவிட நேரெதிரே எத்தனை மடங்கு பளிச்சென்று காட்டுகிறது என்ற எண். ‘ஆதாயம்’ என்றால் வியாபாரம் போல இருக்கிறது, ‘பெருக்கம்’ என்றால் திரையே வெளிச்சத்தைக் கூட்டுவதாகப் படிப்பவர் நினைப்பார். உண்மையில் திரை புதிதாக எதையும் தருவதில்லை, பக்கவாட்டில் போகவேண்டிய ஒளியை நேரெதிரே திருப்புகிறது, அதனால் 1.3 கெயின் திரையில் நடுவில் உட்கார்ந்தவருக்குப் படம் பளிச்சென்றும் ஓரத்தில் பாய் போட்டவருக்குச் சற்று மங்கலாகவும் தெரியும். ‘நேரொளி மடங்கு’ என்று ஒன்று தோன்றுகிறது. மின்னணுவியல்காரர்கள் யாராவது இதைவிடச் சின்னதாக ஒன்று சொல்லுங்களேன்.