ஸ்பானிஷில் 'டெஸ்ட்' பண்ண எத்தனை வினைச்சொல்?

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, கையில் போனோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மதுரைக்காரி. மாட்ரிட் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பையனின் வகுப்பாசிரியை அனுப்பிய செய்தி திரையில் இருந்தது: "ஆ சுஸ்பெந்திதோ மாத்தெமாத்திகாஸ்." "அக்கா, புள்ளைய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. என்ன செஞ்சான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான்" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. பையன் அவள் பின்னால் ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

அவன் கணக்கில் ஃபெயில் ஆகியிருந்தான், அவ்வளவுதான். ஸ்பெயினில் 'சுஸ்பெந்தேர்' என்றால் பரீட்சையில் தவறுவது. மார்க் பத்துக்குப் போடுவார்கள், ஐந்து எடுத்தால் பாஸ். அவன் எடுத்தது நாலே கால். நம் ஊரில் சஸ்பெண்ட் என்று சொல்வதற்கு இங்கே 'எக்ஸ்புல்சார்' என்ற வேறு சொல் இருக்கிறது. ஃபெயிலானவர்களுக்கு 'ரெக்குபெராசியோன்' என்று இன்னொரு வாய்ப்பு கொடுப்பார்கள், அது எந்தத் தேதி என்று மட்டும் ஆசிரியையிடம் கேள் என்று சொல்லி உட்காரவைத்தேன். டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அன்றிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. புதிதாக வந்தவர்கள் திண்டாடுவதை நான் அதிகம் பார்ப்பது இந்த ஒரு இடத்தில்தான். 'டெஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பிளட் டெஸ்ட், டிரைவிங் டெஸ்ட், ஐ டெஸ்ட், சாஃப்ட்வேர் டெஸ்ட் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்பானிஷில் அதற்கு ஒரே சொல் கிடையாது. ஆங்கிலம் வழியாகப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். தமிழிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள், பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

"போய்ப் பாருங்கள்" என்று இப்போது எழுதினேன் இல்லையா, அந்தப் 'பார்'தான் சாவி. சாப்பிட்டுப் பார், ஓட்டிப் பார், போட்டுப் பார் என்று நாம் சொல்லும் இடங்களில் எல்லாம் ஸ்பானிஷ்காரர்கள் 'ப்ரொபார்' என்பார்கள். (நடுவில் வரும் 'ப' பஸ்ஸில் வரும் ப.) சந்தையில் சீஸ் கடைக்காரர் கத்தி நுனியில் ஒரு துண்டை நீட்டி "ப்ருவேபா!" என்றால் "சாப்பிட்டுப் பார்" என்று அர்த்தம். நீங்களாகக் கேட்பதென்றால் "புவேதோ ப்ரொபார்லோ?" கார் வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பதும் இதே சொல்தான். கம்ப்யூட்டர் மக்கர் செய்யும்போது ஆபீஸில் ஒருவர் "ப்ருவேபா ஆ ரெய்னிசியார்லோ" என்பார். ரீஸ்டார்ட் பண்ணிப் பார், அச்சு அசலாக நம் வாக்கியம். 'முயற்சி செய்கிறேன்' என்று சொல்லும் இடம் மட்டும் வேறு, அதற்கு 'இந்தெந்தார்'.

துணிக்கடைக்கு வந்தால் ஒரு சின்ன மாற்றம். உங்கள் உடம்பில் போட்டுப் பார்ப்பதால் 'ப்ரொபார்சே', அதாவது கடைசியில் ஒரு 'சே' ஒட்டிக்கொள்ளும். சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு "மே லோ புவேதோ ப்ரொபார்?" என்று கேட்டால் 'ப்ரொபதோர்' எங்கே என்று கை காட்டுவார்கள். டிரையல் ரூமுக்கு அதுதான் பெயர்.

அந்த 'சே' மேல் கொஞ்சம் கவனம் வையுங்கள். தமிழில் அதற்கு நேர் பொருத்தம் 'கொள்'. ரத்தப் பரிசோதனை செய்தேன் என்று லேப் ஆள் சொல்வார், செய்துகொண்டேன் என்று நாம் சொல்வோம். இந்த வித்தியாசம் நம் நாக்கில் பிறவியிலேயே இருக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படியேதான்: "மே இசே உன் அனாலிசிஸ் தெ சாங்ரே", ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். 'மே'யை விட்டுவிட்டு "இசே உன் அனாலிசிஸ்" என்று மட்டும் சொன்னால் நீங்களே லேபில் உட்கார்ந்து யாருக்கோ பரிசோதனை செய்த மாதிரி ஆகிவிடும்.

ஹெல்த் சென்டரில் டாக்டர் பெரும்பாலும் 'அனாலித்திக்கா' என்றுதான் சொல்வார். கூடவே "என் அயூனாஸ்" என்று சொன்னால் வெறும் வயிற்றோடு வர வேண்டும். இந்த இரண்டு சொல்லையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் அது புரியாமல் நான் காப்பி குடித்துவிட்டுப் போய் நின்றேன், இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். அலர்ஜி, கர்ப்பம் போன்றவற்றுக்கு 'ப்ருவேபா' என்பார்கள், அங்கும் 'அசேர்சே'தான் வினை. பாசிட்டிவ் என்று வந்தால் 'தார் பொசித்தீவோ', அதாவது பாசிட்டிவ் 'கொடுத்தது'. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது 'எக்ஸ்ப்ளொரார்'. கண் பரிசோதனைக்கு 'கிரதுவார்சே லா விஸ்தா' என்று சொல்வது வழக்கம். கிரதுவார்சே என்றால் பட்டம் பெறுவதும்தான், பதற வேண்டாம்.

நம் தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு, அது பரீட்சை. நாம் பரீட்சை 'எழுதுகிறோம்'. அதை அப்படியே "எஸ்கிரிபீ உன் எக்ஸாமென்" என்று மாற்றினால், கேள்வித்தாளை எழுதித் தயாரித்தவர் நீங்கள் என்று நினைப்பார்கள். ஸ்பெயினில் பரீட்சையை 'அசேர்', செய்வார்கள்: "ஓய் ஆகோ உன் எக்ஸாமென்." கொஞ்சம் பெரிய தேர்வுகளுக்கு 'ப்ரெசெந்தார்சே', அதாவது போய் ஆஜராவது. 'எக்ஸாமினார்சே' என்றும் சொல்வார்கள், டிரைவிங் தேர்வுக்கு அதிகம் காதில் விழுவது அது. அங்கே எழுத்துத் தேர்வில் 30 கேள்வி, மூன்று தவறு வரைதான் பொறுப்பார்கள். 'தெஸ்த்' என்ற பெயர்ச்சொல்லும் இங்கே உண்டு, ஆனால் "எக்ஸாமென் தீப்போ தெஸ்த்" என்றால் கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வு.

பாஸாவது 'அப்ரொபார்'. காதுக்கு ப்ரொபார் மாதிரியே கேட்கும், ஆனால் முன்னால் இருக்கும் அந்த 'அ' உயிர் மாதிரி. "எ ப்ரொபாதோ" என்றால் செய்து பார்த்தேன், "எ அப்ரொபாதோ" என்றால் பாஸாகிவிட்டேன். வேகமாகப் பேசும்போது 'எ'யும் 'அ'வும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் நிறுத்தியே சொல்லுங்கள். சுஸ்பெந்தேரில் இன்னொரு விஷயம்: மாணவன் சொன்னால் 'ஃபெயில் ஆனேன்', ஆசிரியர் சொன்னால் 'ஃபெயில் பண்ணினேன்', இரண்டுக்கும் ஒரே வினைதான்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சொற்கள் எல்லாம் மறுபடி எதிரே வரும். நம்மைப் போல இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்குப் பொதுவாக 10 வருட சட்டபூர்வக் குடியிருப்பு வேண்டும், அதன்பின் மொழிக்கு தெலே ஆ2, நாட்டறிவுக்கு செ-செ-எஸே-எ என்று செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் இரண்டு தேர்வு. இரண்டாவதில் 25 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும். முடிவு 'ஆப்தோ' அல்லது 'நோ ஆப்தோ' என்று வரும், தகுதி உண்டு, இல்லை என்று பொருள்.

'சரிபார்' என்று தமிழில் வந்தால் ஸ்பானிஷில் 'கொம்ப்ரொபார்'. பணம் ஏறியதா, கதவு பூட்டியிருக்கிறதா, பெயரின் எழுத்து சரியா என்று பார்ப்பதெல்லாம் இது. அலுவலகங்களில் நம் பெயரில் அப்பா பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறி ஏறிவிடும். எனக்கே ஒரு கார்டில் அப்படி வந்து, திருத்த ஏழு வாரம் அலைந்தேன். கவுண்டரை விட்டு நகரும் முன் "புவேதே கொம்ப்ரொபார்லோ, போர் ஃபாவோர்?" என்று கேளுங்கள், அவர்கள் திரையைத் திருப்பிக் காட்டும்வரை அங்கேயே நில்லுங்கள்.

வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தில் 'பெரியோதோ தெ ப்ருவேபா' என்ற வரியைத் தேடுங்கள். சோதனைக் காலம். உங்கள் துறைக்கான கூட்டு ஒப்பந்தம் (தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து போடுவது) வேறு சொல்லாவிட்டால், பட்டம் பெற்ற தொழில்நுட்பப் பணியாளருக்கு அதிகபட்சம் 6 மாதம், மற்றவர்களுக்கு 2 மாதம், 25 பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் 3 மாதம். அந்தக் காலத்துக்குள் இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் இழப்பீடு இல்லாமல் விலகலாம். வாடகை வீட்டுக்குப் பெரிய தொகை கட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஐடி ஆட்கள் 'தெஸ்தெயார்' என்பதைத் தாராளமாகச் சொல்லலாம், 'அசேர் ப்ருவேபாஸ்' என்றாலும் சரி. ஆனால் 'தெஸ்தார்' என்று சுருக்கும்போது கவனம். அகராதியில் அதற்குச் சோதிப்பது என்ற பொருளும் இப்போது இருக்கிறது, ஆனால் நோட்டரி அலுவலகத்தில் அது உயில் எழுதுவது.

காரைத் தகுதிச் சோதனைக்கு விடுவது 'பசார் லா ஈ-தே-ஊவே'. புதுக் காருக்கு முதல் நாலு வருஷம் அது தேவையில்லை, பத்து வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம்.

ஸ்பெயின் இல்லாமல் மெக்சிகோ போகிறவர்கள் பரீட்சைச் சொற்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: அங்கே பரீட்சைக்கு 'ப்ரெசெந்தார்', ஃபெயிலுக்கு 'ரெப்ரொபார்'. அர்ஜென்டினாவில் மாணவர் 'ரெந்தீர்' செய்வார், ஆசிரியர் 'தொமார்' செய்வார். ப்ரொபாரும் கொம்ப்ரொபாரும் 'சே'யும் எங்கே போனாலும் கூடவே வரும்.