மறு: ஏர் கிளீனர் கிட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

அண்ணாச்சி,

பைக் எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிக்கும் ஏர் கிளீனர் கிட்டுக்குக் 'காற்றுத் தூய்மிப்பான்' என்பது எனக்கு ஒட்டவில்லை. படிப்பவர் அறைக்குள் வைக்கும் பெட்டியைத்தான் நினைப்பார். 'வடிகட்டி' புழக்கத்தில் உள்ள சொல்தான், ஆனால் அது உள்ளே இருக்கும் பில்டரோடு நின்றுவிடுகிறது. கிட் வாங்கினால் மூடி, பின்தகடு, கேஸ்கட், போல்ட் எல்லாம் சேர்ந்து வரும். ஹார்லி டேவிட்சன் பைக்கின் பெரிய எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரின் தலைப்பகுதி) இறங்கும் ப்ரீதர் போல்ட் நடுவே துளை உள்ளது. பின்தகட்டைப் பிடிப்பதும் அதுதான், எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவிக்கு வழி விடுவதும் அதுதான். செய்முறையில் "வடிகட்டியைக் கழற்றவும்" என்று எழுதினால் பில்டரை மட்டும் உருவுவதா, தகட்டோடு கழற்றுவதா? இரண்டு சொல் வேண்டும்.

பில்டருக்குக் 'காற்றரி', முழுவதற்கும் 'காற்றரிக் கூடு' என்கிறேன். நன்னூல் கடை மாணாக்கனுக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி: நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை. மாணவனுக்கு அது வசவு (இன்றும்தான்!), எஞ்சினுக்கோ அந்தக் குணம்தான் வேண்டும். கேரள எல்லையில் செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் இதை விளக்கவே வேண்டாம். மலையாளத்தில் டீ வடிப்பது அரிப்ப, நாம் அரிசி அரிக்கிறோம். 'காற்றரிப்பு' என்று மட்டும் நீட்டிவிடாதீர்கள். புவியியல் பாடத்தில் அது வேறு, தோல் டாக்டரிடம் இன்னும் வேறு.

சொல் கிளைவிடவும் செய்கிறது. தாள் காற்றரி, அழுக்கானால் மாற்றிவிடுவது. எண்ணெய்த் துணிக் காற்றரி, கழுவி உலர்த்தி மறுபடி எண்ணெய் தடவுவது. கூடுதலாகத் தடவினால் காற்று அடைபடும். கூடே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூம்புக் காற்றரி நம் ஊருக்குத் தோதில்லை. எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் தூசி, ஜூன் ஜூலையில் புளியரை மலைச்சாலை ஏறினால் சாரல். மழையுறை போட்டாக வேண்டும்.

அப்புறம், கலவை. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில். கிட் மாட்டிக் காற்று கூடினால் கலவை மெலியும், ஸ்பார்க் பிளக் வெளுக்கும், எஞ்சின் சூடாகும். அதைச் சரிக்கட்டக் கார்புரேட்டர் வண்டியில் பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு), இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈசியூவில், அதாவது எஞ்சின் கணினியில், பெட்ரோல் அளவு சொல்லும் மேப் திருத்தம். லீனுக்கு 'மெலிந்த கலவை', ரிச்சுக்குச் 'செறிந்த கலவை' போதும். 'பணக்காரக் கலவை' என்று எழுதியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஜெட்டை ஜெட் என்றே விடலாம். ப்ரீதர் போல்ட்டுக்கு இப்போதைக்கு 'மூச்சுத் திருகாணி' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.