கிராமத்து மகளிர் குழுவுக்கு பிசினஸ் மென்டரா போகப் போறேன், எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ஓசூர் பாலா

வணக்கம் மக்களே. நான் ஒரு ஃபுட் கம்பெனில பர்ச்சேஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன், சப்ளையர் புடிக்கிறது ரேட் பேசுறது தான் பொழப்பு. ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து கேட்டாங்க, கிராமத்துல சின்னதா தொழில் பண்ற பொம்பளைங்களுக்கு ஆறு மாசம் வாலண்டியரா மென்டரிங் பண்ண முடியுமானு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆன்லைன், முடிஞ்சா மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல. சரினுட்டேன்.

எனக்கு குடுத்திருக்கிறது ஊத்தங்கரை பக்கம் ஒரு மகளிர் குழு. புளி வாங்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து கிருஷ்ணகிரி மண்டில போடுறாங்க. இப்ப சொந்தமா பேர் வச்சு பாக்கெட் போட்டு கடைகளுக்கு விக்கணும்னு ஆசையாம். அடுத்த மாசம் முதல் மீட்டிங். அந்த நிறுவனம் அனுப்பின மாட்யூல்ல விஷன், கோல் செட்டிங், பிராண்டிங்னு தலைப்பு தலைப்பா இருக்கு, பார்த்தாலே எனக்கே தூக்கம் வருது, இதை வச்சு அவங்க கிட்ட என்ன பேசுறதுனு தெரியல. இந்த மாதிரி யாராச்சும் பண்ணிருக்கீங்களா, இல்ல குழுல இருக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா, உங்களுக்கு நிஜமா எது உதவியா இருந்துச்சு?

செல்வி தர்மபுரி

அண்ணா வணக்கம். நான் எங்க ஊராட்சில குழு கூட்டமைப்புல கணக்கு எழுதுறேன், அதனால சொல்றேன்.

முதல்ல நேரம். அடுத்த மாசம்னா நல்ல புளி சீசன், மாசி பங்குனில காலைல உக்காந்தா இருட்டுற வரைக்கும் தட்டிட்டு தான் இருப்பாங்க, அப்ப போய் வீடியோ மீட்டிங்னு லிங்க் அனுப்பினா லீடர் மட்டும் மரியாதைக்கு வந்து தலையாட்டிட்டு போய்டுவாங்க. பாதி வீட்டுல போன் பையன் கிட்ட தான் இருக்கும், அவன் வேலைக்கு போய்ட்டா போனும் போய்டும். வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அது தான் சரி வரும், ராத்திரி சமையல் முடிச்சுட்டு கேட்டு பதில் பேசி விடுவாங்க.

ரெண்டாவது, லீடர் கூட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. எல்லா குழுலயும் ஊக்குநர், அதான் லீடர், நல்லா பேசுவாங்க, ஆனா மண்டிக்கு மூட்டையோட போய் ரேட் கேட்டு சண்டை போட்டுட்டு வர்ற ஒரு ஆள் தனியா இருப்பாங்க, மீட்டிங்ல கடைசில உக்காந்திருப்பாங்க. தொழில் தெரிஞ்சவங்க அவங்க தான்.

எக்செல் எல்லாம் கொண்டு வராதீங்க அண்ணா. சேமிப்பு, கடன், வட்டி எல்லாத்துக்கும் எங்க கிட்ட நோட்டு இருக்கு. தமிழ்நாட்டுல அரசு குழு திட்டமே 1989ல ஐஃபாட் (ஐ.நா.வோட விவசாய வளர்ச்சி நிதி அமைப்பு) உதவியோட எங்க தர்மபுரில தான் ஆரம்பிச்சது, கணக்கு எழுதுறது எங்களுக்கு புதுசு இல்ல. ஆனா கடன் கணக்கு இருக்கே தவிர தொழில் கணக்கு இருக்காது. எவ்ளோவுக்கு வாங்கினோம் எவ்ளோவுக்கு வித்தோம்னு தனி நோட்டு எந்த குழுலயும் ஒழுங்கா பார்த்ததில்ல. அதை மட்டும் போட வச்சுட்டீங்கனா போதும்.

கடுப்பு கந்தன்

இந்த மென்டரிங் எல்லாம் கம்பெனிங்க சமூக சேவைனு காட்டுற சிஎஸ்ஆர் போட்டோவுக்கு தான் ப்ரோ. ஏசி ரூம்ல உக்காந்துட்டு இருக்கிறவன் புளி தட்டுற அம்மாவுக்கு தொழில் சொல்லித் தரானாம். அவங்களுக்கு அறிவு இல்லாமலா இருக்கு, கைல காசு இல்ல, அதான் பிரச்சனை. சீசன்ல குறைஞ்ச ரேட்டுக்கு வாங்கி வச்சு ஆவணி புரட்டாசில வித்தா லாபம்னு எல்லாருக்கும் தெரியும், வாங்கி வைக்க பணம் யார் தருவா? வியாபாரி அட்வான்ஸ் குடுக்கிறான், அவன் கிட்டயே போட்டாகணும். நீங்க விஷன் மிஷன்னு பேசி என்ன ஆகப் போகுது.

நைட்ஷிஃப்ட் நந்தா

@கடுப்பு கந்தன், பாதி ஒத்துக்கிறேன் பாதி இல்ல.

கென்யால நைரோபில தண்டோரானு ஒரு ஏரியா (பேர் நிஜமாவே அதான்), அங்க சின்னச் சின்ன கடை வச்சிருக்கிற பொண்ணுங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2018ல வெளியிட்டாங்க. ஒரு பிரிவுக்கு முறையான பிசினஸ் கிளாஸ், இன்னொரு பிரிவுக்கு அதே ஏரியால அதே மாதிரி தொழில்ல ஏற்கனவே நல்லா வந்த ஒரு அக்காவை மென்டரா சேர்த்து விட்டாங்க. கிளாஸ் போனவங்க லாபம் ஏறவே இல்ல. மென்டர் கிடைச்சவங்களுக்கு சராசரியா 20 சதவீதம் கிட்ட ஏறிச்சு. ஏன்னு பார்த்தா பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, "அந்த ஆள் கிட்ட வாங்காத, இந்த ஆள் கிட்ட வாங்கு, விலை கம்மி" அப்படினு சொல்லிக் குடுத்திருக்காங்க, சரக்கு வாங்குற செலவு குறைஞ்சிருக்கு. ஆனா மென்டரை பார்க்கிறது நின்னதும் அந்த லாபமும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு, அதையும் சேர்த்து தான் சொல்லணும்.

அதனால பாலா சார், பாடம் நடத்துறவங்களை விட மார்க்கெட் தெரிஞ்சவங்க தான் வேணும். நீங்க பர்ச்சேஸ் ஆள், அது பெரிய ப்ளஸ், ஆனா ஊத்தங்கரை புளி உங்களுக்கு தெரியாது. அதே ஊர் பக்கம் புளியோ மொளகாயோ வித்து மேல வந்த ஒரு அக்காவை தேடிப் புடிச்சு கூட சேர்த்துக்கோங்க. நீங்க ஆறு மாசத்துல கிளம்பிடுவீங்க, அவங்க அங்கயே இருப்பாங்க.

இன்னொண்ணு அகமதாபாத்ல சேவா பேங்க் (ஏழை உழைக்கும் பெண்களுக்கான கூட்டுறவு பேங்க்) பெண்களுக்கு ரெண்டே நாள் டிரெய்னிங் குடுத்து பார்த்தது. தோழியை கூட்டிட்டு வந்தவங்களுக்கு தான் அப்புறம் வருமானம் கூடுச்சு, தனியா வந்தவங்களுக்கு அவ்ளோ இல்ல. ஒருத்தர மட்டும் தனியா இழுத்து வச்சு பேசாதீங்க.

கணக்குப்புள்ள

நான் ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர், குழுக்களுக்கு லோன் போட்டே காலம் போச்சு. கந்தன் தம்பி, காசு இல்லனு ஒரேயடியா சொல்லாதீங்க. குழுக்களுக்கு அடமானம் இல்லாம 10 லட்சம்னு இருந்த வரம்பை 2021லயே 20 லட்சம் ஆக்கியாச்சு, 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி. பிரச்சனை என்னனா லோன் கைக்கு வர்ற மாசம் ஒண்ணு, புளி வர்ற மாசம் ஒண்ணு. சீசன் முடிஞ்சு சித்திரைல பணம் வந்தா அது வீட்டுச் செலவுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் தான் போகும், யாரை குத்தம் சொல்ல முடியும். தை மாசமே கைல இருக்கிற மாதிரி கார்த்திகைலயே அப்ளிகேஷன் குடுக்க வைங்க. ஒரு மென்டர் இதை மட்டும் பண்ணினாலே பெரிய விஷயம்.

இப்ப விலை கணக்கு. புளியம்பழத்துல ஏறக்குறைய 55 சதவீதம் தான் சதை, 34 கொட்டை, மீதி ஓடும் நாரும். சும்மா ஒரு கணக்குக்கு, ஓட்டோட கிலோ 40 ரூபாய்னு 100 கிலோ வாங்கினா 4000. கொட்டை 34 கிலோ, அதை கிலோ 10 ரூபாய்னு போட்டா 340 திரும்பி வரும். பாக்கி 3660ஐ 55ஆல வகுத்தா கிலோ 66 ரூபாய் 50 பைசா. இது வெறும் சரக்கு விலை. காய வைக்கிறதுல எடை குறையும், வண்டி வாடகை, சாக்கு, மண்டி கமிஷன் எல்லாம் இதுக்கு மேல.

அடுத்து கூலி. இங்க தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. "வீட்டுல சும்மா உக்காந்து தட்டுறது தானே"னு அவங்களே சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. ஒரு ஆள் ஒரு நாள்ல எத்தனை கிலோ தட்டி கொட்டை எடுக்கிறாங்கனு ஒரு வாரம் நோட்டுல எழுத சொல்லுங்க. நூறு நாள் வேலைக்கு 2025-26ல தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய் கூலினு அறிவிச்சாங்க, அதையாச்சும் குறைஞ்சபட்சமா வச்சு கிலோவுக்கு எவ்ளோ விழுதுனு பாருங்க. ஒரு நாளைக்கு 12 கிலோனா கிலோவுக்கு 28 ரூபாய். 66.50 பிளஸ் 28, ஆச்சு 94.50. இப்ப மண்டி ரேட்டை பக்கத்துல எழுதுங்க. பல குழு இந்த இடத்துல அப்படியே அமைதியாய்டும், ஏன்னா இத்தனை வருஷமா அவங்க லாபம்னு நினைச்சுட்டு இருந்தது அவங்க கூலியோட ஒரு பகுதி தான்.

இதுக்கு அப்புறம் தான் பாக்கெட் போடலாமா வேணாமானே பேசணும். சில சமயம் பாக்கெட்டை விட, நாலு குழு சேர்ந்து நார் சுத்தமா எடுத்து தரம் பிரிச்சு மொத்தமா போட்டா கூடுதலா கிடைக்கும். கொட்டையையே பவுடர் மில்லுக்கு நேரா குடுத்தா என்ன ரேட்னு கேட்டு பாருங்க, சாயப்பட்டறை, ஜவுளி வேலைக்கு எல்லாம் அந்த மாவு போகுது, அதை யாரும் கண்டுக்கிறதே இல்ல.

ராஜி மசாலா

நான் மசாலா பொடி போடுறேன், எனக்கும் ஒரு மேடம் மென்டரா இருந்தாங்க அதனால எழுதுறேன். தன்னம்பிக்கை பேச்சு எல்லாம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு நாள் என்னை கூட்டிட்டு போய் ஒரு சூப்பர் மார்க்கெட் பர்ச்சேஸ் ஆள் முன்னாடி உக்கார வச்சாங்க. அவர் கேட்டதெல்லாம் நாலே கேள்வி, மாசம் எவ்ளோ குடுப்பீங்க, எத்தனை நாள் கிரெடிட், விக்காதத திரும்ப எடுப்பீங்களா, எம்ஆர்பில எங்களுக்கு எத்தனை சதவீதம். ஒண்ணுக்கும் என் கிட்ட பதில் இல்ல. வீட்டுக்கு வந்து அந்த நாலையும் எழுதி வச்சு உக்காந்தோம், அது தான் எனக்கு நடந்த டிரெய்னிங். பாலா சார் நீங்க டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவர், உங்களை விட யாரு இதை சொல்லித் தர முடியும்? நீங்களே வாங்குறவர் மாதிரி உக்காந்து அவங்கள பேச விடுங்க, கறாரா பேசுங்க, பாவம் பார்க்காதீங்க.

கிரெடிட் விஷயம் முக்கியமா சொல்லணும். கடைக்காரங்க 30 நாள் 45 நாள்னு சொல்லுவாங்க, குழுல தட்டுறவங்களுக்கு வாராவாரம் காசு வேணும். இடைல அந்த பணத்தை யார் போடுறதுனு முடிவு பண்ணாம பாக்கெட்ல கால் வைக்காதீங்க.

பேப்பர் வேலை நினைக்கிற அளவுக்கு பயம் இல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) சின்ன பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் தான் கட்டினேன், ஏஜென்ட் ஒருத்தர் எங்க பக்கத்து குழு கிட்ட ஆயிரக்கணக்குல வாங்கிட்டார், அதனால நீங்களே கூட உக்காந்து ஆன்லைன்ல போட்டு குடுங்க. உத்யம், அதான் சிறு தொழில் பதிவு, ஃப்ரீ. லேபிள்ல எடை, எம்ஆர்பி, பேக் பண்ணின தேதி, முகவரி, புகார் நம்பர், சைவம்னு காட்டுற பச்சை புள்ளி எல்லாம் கட்டாயம், அழகா டிசைன் பண்ணிட்டு இதுல ஒண்ண விட்டுட்டா மொத்த கவரும் வேஸ்ட். முதல்ல கவர் அடிக்காதீங்க, ஸ்டிக்கர் ஒட்டி பாருங்க போதும். பிஎம்எஃப்எம்இனு சின்ன உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசு திட்டத்துல குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 வரைக்கும் ஆரம்ப மூலதனம் இருந்துச்சு, இப்பவும் இருக்கானு வட்டார ஆபீஸ்ல கேளுங்க.

கடுப்பு கந்தன்

சரி ராஜி அக்கா சொல்றது நியாயம், இப்படி பண்ணினா நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போட்டோ எடுத்து லிங்க்ட்இன்ல போடாம ஆறு மாசம் யாராச்சும் பண்ணினா அப்ப நம்புறேன்.

ஓசூர் பாலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எதிர்பார்க்கல. கந்தன் ப்ரோ போட்டோ கிடையாது, சத்தியம்.

ஒரு சந்தேகம். எங்க கம்பெனியே புளி வாங்குது, டன் கணக்குல. இவங்க சரக்கை நானே உள்ள ஏற்பாடு பண்ணினா என்ன? மண்டிக்கு மேல கிலோவுக்கு ரெண்டு மூணு ரூபாய் கூட கிடைக்கும். வீட்டுல கேட்டா நல்ல விஷயம் தானேங்கறாங்க, எனக்கு ஏதோ இடிக்குது.

கணக்குப்புள்ள

இடிக்கிறது சரி தான் சார். நீங்களே மென்டர், நீங்களே வாங்குறவர்னா ரேட் பேசுறப்ப நீங்க யார் பக்கம்? அவங்க அடக்க விலை மொத்தமும் உங்களுக்கு தெரியும், கம்பெனில நாளைக்கு ஒருத்தன் விரல் நீட்டினா உங்களுக்கும் கெட்ட பேர், குழுவுக்கும் கெட்ட பேர். கண்டிப்பா குடுக்கணும்னா மேல இருக்கிறவங்க கிட்ட எழுத்துல சொல்லிட்டு வேற ஆளை ரேட் பேச சொல்லுங்க. அப்பவும் மொத்த சரக்கையும் ஒரே இடத்துல குடுக்க விடாதீங்க. நீங்க வேலை மாறிட்டா அந்த ஆர்டரும் போச்சு, அதுக்குள்ள மண்டி வியாபாரி கிட்ட உறவும் முறிஞ்சிருக்கும்.

உங்க கம்பெனி என்ன ஈரப்பதம் கேக்குது, நார் எவ்ளோ விடுவாங்க, எந்த நிறத்தை ரிஜெக்ட் பண்ணுவாங்கனு அந்த அளவுகோலை மட்டும் சொல்லிக் குடுங்க. அது தெரிஞ்சா எந்த கம்பெனி கதவையும் அவங்களே தட்டலாம்.

நைட்ஷிஃப்ட் நந்தா

பிளஸ் ஒண்ணு. மகாராஷ்டிரால மஸ்வட்னு ஒரு ஊர்ல சேத்னா சின்ஹானு ஒரு சமூக சேவகி பெண்கள் பேங்க் ஆரம்பிக்க போனப்ப, கைநாட்டு வைக்கிறவங்கனு சொல்லி ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் மறுத்துட்டாங்க. அந்த பெண்கள் படிக்க கத்துக்கிட்டு திரும்பப் போய், எவ்ளோ தொகைக்கு வேணா வட்டி மனக்கணக்கா சொல்றோம், உங்க ஆபீசருங்கள கால்குலேட்டர் இல்லாம சொல்ல சொல்லுங்கனு சவால் விட்டாங்க. 1997ல மாண் தேஷி பேங்க் வந்துடுச்சு. அதனால அடக்க விலை கணக்கை நீங்க போட்டுக் காட்டாதீங்க பாலா சார், அவங்களையே போட விடுங்க, உங்களை விட வேகமா போடுவாங்க.

செல்வி தர்மபுரி

அண்ணா நேர்ல முதல் தடவை போறது ஞாயித்துக்கிழமையா இருந்தா அவங்க கூட போச்சம்பள்ளி சந்தைக்கு போய்ட்டு வாங்க, யார் என்ன ரேட் சொல்றாங்கனு பார்த்துடலாம். போறதுக்கு முன்னாடியே போன வருஷ மண்டி சிட்டை எத்தனை இருக்கோ எல்லாத்தையும் எடுத்து வைக்க சொல்லுங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல. ஸ்வீட் பாக்ஸ் சால்வை எல்லாம் வேணாம், அப்புறம் உங்களுக்கு சாப்பாடு போடுறதுலயே அவங்க ஒரு நாள் வேலை போய்டும்.