கிளாஸ் நோமி: அது சொந்தக் குரலா, டிராக்கா?

குடியாத்தம் மைக்செட்:
நமக்குத் தொழில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டறது. பையன் நேத்து ஒரு வீடியோ காட்டினான். கிளாஸ் நோமின்னு ஒரு ஜெர்மன்காரர். மூஞ்சி பூரா வெள்ளை, உதடு கறுப்பு, முடி மூணு கொம்பா நிக்குது. வாயைத் திறந்தா பொம்பளக் குரல்! டிராக் போட்டு வாயசைக்கிறாரா? பங்க்னு முரட்டு ராக் பாட்டு பாடற கும்பல்ல இவருக்கு என்ன வேலை?

செய்யாறு பெண்வேஷம்:
டிராக் இல்லண்ணா, சொந்தத் தொண்டை. 1978ல நியூயார்க் மேடையில மொதமொதல்ல பாடினப்பவே ஜனத்துக்கு உங்க சந்தேகம்தான் வந்துது. 'இது டேப் இல்ல'ன்னு மேடையிலயே அறிவிக்க வேண்டியதாப் போச்சு. அன்னிக்குப் பாடினது 'சாம்சன் டெலீலா'ங்கற ஆபராவில, அதாவது பாட்டாவே நடக்கற மேல்நாட்டு நாடகத்துல, டெலீலாங்கற பொம்பளையோட பாட்டு. நம்ம கணக்குல ஸ்திரீ பார்ட்.

பெர்லின் ஆபரா ஹவுஸ்ல டிக்கெட் பார்த்து சீட்டுல உக்கார வெச்சவர், நியூயார்க் போய் கேக் போட்டுப் பொழச்சார். ஆம்பளையை விரும்பற ஆளுன்னு மறைக்கல. கிடார் உடைக்கறவன் நடுவுல ஆபரா பாடினா அதைவிட என்ன பங்க் வேணும்? 1979 டிசம்பர்ல இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவி டிவி நிகழ்ச்சியில பின்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனார்.

நான் இருபது வருசமா கூத்துல திரௌபதி வேஷம் கட்டறேன். அரிதாரம் தாடையோட நின்னுடும், வேர்த்தா கழுத்துல கோடு கோடா வழியும். குரல்வளை முடிச்சு தெரியக்கூடாதுன்னு நாலு வரிசை மணிமாலை போடுவேன். அதனால எவன் வேஷத்தைப் பார்த்தாலும் என் கண்ணு கழுத்துக்குத்தான் போகும். அவரோட கடைசிக்கால வீடியோ பாருங்க, பெருசா மடிப்பு வெச்ச வெள்ளைக் காலர். எய்ட்ஸால கழுத்துல வந்த புண்ணை மறைக்கப் போட்டது அது. அதுல பாடற பாட்டு, இங்கிலாந்து இசையமைப்பாளர் பர்செல் 1691ல ஒரு மேடை நாடகத்துக்குப் போட்டது. தூங்கற குளிர்தேவனை எழுப்பிட்டாங்க, 'விடு, நான் மறுபடி உறைஞ்சு போறேன்'னு கெஞ்சற கட்டம். கட்டைக் குரலுக்கு எழுதினதை இவர் உச்சியில நின்னு பாடறார். கை நடுங்காம இந்தக் கட்டத்தை என்னால பார்க்க முடியல. 1983 ஆகஸ்ட் 6ல போயிட்டார். வயசு 39.

காட்பாடி லேப்:
கூட ஒண்ணு. அவர் செத்து மூணு வருசம் முடியல, இந்தியாவுல அந்த எய்ட்ஸ் கிருமி மொதல்ல தெரிஞ்சது நம்ம வேலூர்லதான். 1986 பிப்ரவரியில டாக்டர் நிர்மலா சென்னையில எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில வெச்சு, ராத்திரி ரயில்ல காட்பாடி வந்து வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில சோதிக்கக் கொடுத்தார். சோதனையில ஆறு பேரோட ரத்த சாம்பிள் மஞ்சளா மாறிச்சு, கிருமி இருக்குன்னு அர்த்தம். லேப்ல சேர்ந்த புதுசுல எங்களுக்கு மொதல்ல சொன்ன கதையே அதான்.

குடியாத்தம் மைக்செட்:
காலரை நான் ஜோடிப்புன்னு நெனச்சேன். செய்யாறு அண்ணா, பங்குனியில எங்க பக்கம் பாரதக் கூத்து. ஸ்திரீ பார்ட் உச்சிக்குப் போனா காது கூசுதுன்னு ஊர்ல கத்துவாங்க, நானும் வருசா வருசம் ட்ரெபிளைக் குறைச்சிடுவேன். இந்த வாட்டி அதுல கை வைக்கல. உங்க கூத்து ஜமா வருதா?