ஆல்ட் + ஷிஃப்ட் தொல்லையை நிறுத்த வழி உண்டா?

நண்பர்களே, விண்டோஸ் 11-இல் ஒரு சின்ன உதவி வேண்டும். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தட்டச்சு செய்கிறேன். மொழி மாற்ற எனக்கு விண்டோஸ் + ஸ்பேஸ் போதும். ஆனால் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தினாலும் மொழி மாறிவிடுகிறது. வேறு ஏதோ குறுக்குவழிக்கு விரல் போகும்போது இது நடுவில் புகுந்து, பாதி வாக்கியம் ஆங்கில எழுத்தில் விழுகிறது. பெரிய எரிச்சல்! இதை மட்டும் அணைத்துவிட்டு விண்டோஸ் + ஸ்பேஸை வைத்துக்கொள்ள முடியுமா? அமைப்புகளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அலுவலகக் கணினி, புதிதாக எந்த மென்பொருளும் நிறுவ விடமாட்டார்கள். அதனால் விண்டோஸுக்குள்ளேயே உள்ள வழியாகச் சொல்லுங்கள்.

அப்புறம், விண்டோஸ் + வி அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை வரிசையாக வருமே, அதில் ஒரு சந்தேகம். (இதுவரை தொடாதவர்கள் ஒருமுறை இயக்கிப் பாருங்கள், அப்புறம் விடமாட்டீர்கள்.) 25-ஐத் தாண்டினால் பழையவை போய்விடுகின்றன. கணினியை மறுதொடக்கம் செய்தால் ‘பின்’ (pin) செய்து நிலையாக வைத்தவை தவிர எல்லாம் காலி. அந்த எண்ணிக்கையைக் கூட்ட முடியுமா?

ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸை ஏற்கெனவே அணைத்துவிட்டேன், அதைச் சொல்ல வேண்டாம். படிப்படியாக எழுதினால் புண்ணியமாகப் போகும்.