மறு: கலைச்சொல் – ‘கம்ப்ளையன்ஸ்’ என்பதற்கு ‘இணக்கம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

அரசு நடத்தும் நிலையங்களின் சுற்றுச்சூழல் கையேட்டில், சட்டவிதிகளின்படி நடப்பதைக் குறிக்கும் ‘கம்ப்ளையன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்த தமிழ்ப் பரிந்துரைகளைப் படித்தேன். ஐயா நேற்று எழுதியது:

> ‘இணக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கணினித் துறையிலும் எழுதுகிறார்கள். புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான், ஐயா. ஆனால் இந்தத் துறையில் அது பொருளைத் திரித்துவிடும் என்று அஞ்சுகிறேன். இணங்கிப் போவது என்றால் இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒத்துப்போவது. தனியார் ஆலைக்கு ஆய்வாளர் வெளியாள். இங்கே மாசு உண்டாக்குவதும் அரசு, ஆய்வு செய்வதும் அரசு. ‘இணக்கம் உள்ளது’ என்று அறிக்கையில் எழுதினால், இரண்டு அலுவலகங்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டதாகவே படிப்பவர் நினைப்பார்.

அரசே அரசைத் தண்டிக்கலாமா என்பது நீதிமன்றம் வரை போன கேள்வி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஃபெர்னால்டில் இருந்த நடுவண் அரசின் யுரேனியம் ஆலை மீது வழக்குத் தொடுத்தது. நடந்து முடிந்த மீறல்களுக்குத் தண்டனையாக அபராதம் விதிக்க முடியாது என்று 1992 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவண் அரசுக்குள்ள இறையாண்மைக் காப்பை (அரசின் ஒப்புதலின்றி அதன் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பை) நாடாளுமன்றம் அந்த அளவுக்கு விலக்கவில்லை என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபரில் புதிய சட்டம் வந்தது. இடர்க்கழிவு விதிகளை மீறினால் நடுவண் அரசின் நிலையங்களுக்கும் அபராதம் உண்டு என்றாயிற்று. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கம்ப்ளையன்ஸ்’ இருக்கிறது. அதை ‘இணக்கச் சட்டம்’ என்று பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பரிந்துரைகளில் இன்னொன்றான ‘நெறியொழுகல்’ அழகான சொல். ஆனால் அடுத்த வரியிலேயே கழிவுத் தொட்டி ஒழுகுவதைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை ‘கடைப்பிடிப்பு’. கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: கடைப்பிடியாமை, கடைப்பிடிப்புத் தணிக்கை, கடைப்பிடிப்பு அலுவலர்.

———

அம்மா, வணக்கம்.

ஃபெர்னால்டு வழக்கைப் படித்தபின் ‘இணக்கத்தை’ விட்டுவிடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். ஆளோ நிலையமோ கடைப்பிடிக்கலாம். கழிவுநீரின் அளவீடு கடைப்பிடிக்குமா? அதற்கு ‘வரம்புக்குட்பட்ட’ என்று எழுதலாம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச்சொற்கள் வருவதில் தவறில்லை.

கையேட்டின் அடுத்த பாதி ‘மாசுத் தடுப்பு’ பற்றியது. அதில் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன்.

———

ஐயா, ‘வரம்புக்குட்பட்ட’ மிகப் பொருத்தம். சேர்த்துக்கொண்டேன்.

‘தடுப்பு’ பற்றி மட்டும் மாறுபடுகிறேன். தடுப்பணை, தடுப்புச் சுவர் என்று சொல்லும்போது வந்துகொண்டிருப்பதை மறிப்பதுதான் கண்முன் நிற்கிறது. புகைபோக்கியில் வடிகட்டி பொருத்துவதும் குழாயின் முடிவில் சுத்திகரிப்பதும் அந்த வகை. கையேடு சொல்வது அதற்கு முந்தைய படி: மாசு உண்டாகவே விடாமல் இருப்பது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வரிசையைத் தெளிவாக வைத்திருக்கிறது. மூலத்திலேயே குறைப்பது முதலில், பிறகு மறுசுழற்சி, பிறகு சுத்திகரிப்பு, கொட்டுவது கடைசியில்.

யூட்டா மாநிலத்தின் ஹில் விமானப்படைத் தளத்தில் 1980களில் செய்ததைப் பாருங்கள். விமானத்தின் பழைய வண்ணப்பூச்சை வேதிக் கரைப்பான் ஊற்றி உரித்தால், கரைப்பானும் கழுவிய நீரும் கலந்து நச்சுக் கழிவாகும். அதற்குப் பதிலாகச் சிறு பிளாஸ்டிக் மணிகளைக் காற்றழுத்தத்தால் வீசியடித்து உரித்தார்கள். மணிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். உதிர்ந்த பூச்சுத் தூள் இன்னமும் கழிவுதான். ஆனால் அந்தக் கழிவுநீர் வெள்ளம் இல்லை. அவர்கள் எதையும் மறிக்கவில்லை, தவிர்த்தார்கள். ஆகவே ‘மாசு தவிர்ப்பு’ என்று வைக்கலாம். மறிப்பதற்கெல்லாம் ‘மாசுக் கட்டுப்பாடு’ இருக்கவே இருக்கிறது.

இரண்டு சொற்களையும் சேர்த்து மூன்றாம் இயலின் முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன். உரக்கப் படித்துப் பார்த்து, நாக்கு எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்:

“கழிவுநீர் வரம்புக்குட்பட்டிருந்தால் அந்த நிலையத்தில் சட்டக் கடைப்பிடிப்பு இருக்கிறது, ஆனால் அந்தக் கழிவுநீர் ஏன் உண்டாகிறது என்று கேட்ட பிறகுதான் மாசு தவிர்ப்பு தொடங்குகிறது.”