யாரும் அதிகம் ஆடாத பழைய கேம்கள்: இணையம் உங்களைத் தவறாக வழிநடத்திய அனுபவங்கள்

பழைய வீடியோ கேம்களைப் பற்றித் தேடப் போய்த் தவறான தகவலில் மாட்டிக்கொண்ட அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும். பிரபலமான கேம்களை விடுங்கள். அவற்றில் ஒரு பிழை வந்தால் திருத்துவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். கொஞ்சம் பிரதிகள் மட்டும் விற்று மறைந்துபோன கேம்கள்தான் பாவம். அவற்றைப் பற்றி ஒருவர் எழுதிவிட்டுப் போனது கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறது. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

ஒரு சின்ன நிறுவனம் வெளியிட்ட விண்வெளிச் சண்டை கேம் ஒன்றைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வெளியான ஆண்டைத் தேடினேன். பார்த்த பக்கங்களில் எல்லாம் ஒரே ஆண்டு. இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கங்கள் எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயரிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தது. அதைக் கண்டதும் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் தனித்தனியாகத் தேடி, ஒரே எழுத்தில் தவறு செய்திருக்க முடியாது. எங்கோ ஒருவர் எழுதியதை மற்ற எல்லோரும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு கேமைத் திறந்து பார்த்தால், தொடக்கத் திரையில் காப்புரிமை ஆண்டாக அதே எண்தான் இருந்தது. முதலில் பதிந்தவர் அதைத்தான் வெளியீட்டு ஆண்டு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். திரையில் இருக்கும் ஆண்டும் கடைக்கு வந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய இதழ்களில் தேடியபோது, அந்தக் கேமின் விளம்பரம் அடுத்த ஆண்டில்தான் முதலில் வருகிறது, அதுவும் "விரைவில்" என்ற சொல்லோடு.

இதைவிட ஆச்சரியம், சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கே இந்த நிலைமைதான். ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 என்பதில் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் எந்த நாளில் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள். விளையாட்டு வரலாற்று ஆய்வாளர் ஃப்ராங்க் சிஃபால்டி 2012-ல் இதைத் தேடிப் போய், உறுதியாக நிறுவ முடியவில்லை என்றே எழுதினார். உலகமே ஆடிய கேமுக்கு இப்படி என்றால், மற்றவற்றின் கதியை நினைத்துப் பாருங்கள்.

*

எனக்கு நேர்ந்தது ரகசிய லெவல்கள் விஷயத்தில்.

ஒரு பழைய ஓடித் தாவும் கேமுக்கு இணையத்தில் ஒரே ஒரு வழிகாட்டிதான் உண்டு. கடைசி பாஸைக் (லெவல் முடிவில் வரும் பெரிய எதிரியை) கொன்ற பிறகு குறிப்பிட்ட இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மறைந்திருக்கும் லெவல் ஒன்று திறக்கும் என்று அதில் இருந்தது. படம் கிடையாது, வீடியோ கிடையாது. ஆனாலும் அதன் பிறகு வந்த எல்லாக் கட்டுரைகளும் "ரகசிய லெவல் கொண்ட கேம்" என்றே அறிமுகம் செய்கின்றன. நின்று பார்த்தேன், திறக்கவில்லை. எமுலேட்டரின் (பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) டீபக்கரில், அதாவது கேமின் உள்ளே இருக்கும் தரவைக் காட்டும் கருவியில், லெவல் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். அதில் நாம் ஆடும் லெவல்களுக்கு மேல் ஒன்றுமே இல்லை. லெவலுக்கான தரவே இல்லாதபோது எங்கே நின்றாலும் எதுவும் திறக்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சீட்டாமென் 2 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 52 கேம்களை ஒரே கார்ட்ரிட்ஜில் (கருவியில் செருகி ஆடும் கேம் பெட்டி) அடைத்து 1991-ல் வந்த ஆக்‌ஷன் 52-வில் இருந்த சீட்டாமென் கேமின் தொடர்ச்சி அது. முறையாக வெளியாகவே இல்லை. 1996-ல் ஒரு கிடங்கிலிருந்து 1,500 கார்ட்ரிட்ஜ்கள் கிடைத்ததால்தான் நமக்கு அது தெரியும். அதில் நான்காவது லெவல் பாஸைத் தோற்கடித்த பிறகு, நிரலில் உள்ள பிழையால் கேம் நகராது. கடைசி இரண்டு லெவல்களும் உள்ளேதான் இருக்கின்றன, சாதாரணமாக ஆடினால் போய்ச் சேர முடியாது, அவ்வளவுதான். நான்கு லெவல்தான் என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆடிப் பார்த்ததை எழுதியிருக்கிறார். ஆனால் தகவல் தவறு.

சில சண்டைகளில் இரண்டு பக்கமும் சரி. சூப்பர் மாரியோவில் ஒரு பிழையைப் பயன்படுத்திப் போகும் 'மைனஸ் உலகம்' முடிவே இல்லாத நீர் லெவல் என்பார் ஒருவர். இல்லை, அதை முடிக்கலாம் என்பார் இன்னொருவர். கார்ட்ரிட்ஜில் ஆடினால் அதே நீர் லெவல் திரும்பத் திரும்ப வரும். ஜப்பானில் வந்த டிஸ்க் பதிப்பில் அங்கே வேறு லெவல்கள் இருக்கும், முடிக்கவும் முடியும். எந்தப் பதிப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இந்த வாதமே வந்திருக்காது. இப்போதெல்லாம் பதிப்பைச் சொல்லாத எந்தக் குறிப்பையும் நான் பாதிதான் நம்புகிறேன்.

*

நான் கார்ட்ரிட்ஜ்களையும் ஆர்கேட் போர்டுகளையும் (காசு போட்டு ஆடும் கேம் பெட்டிகளுக்குள் இருக்கும் மின்பலகைகள்) சேர்ப்பவன். தேதிச் சண்டை வந்தால் முதலில் திருகாணியைக் கழற்றிவிடுவேன்.

பெரும்பாலான சிப்களின் மேல் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 9023 என்றால் 1990-ன் 23-ஆம் வாரத்தில் அந்தச் சிப் செய்யப்பட்டது என்று பொருள். அதைவிட முன்னதாக அந்தப் பிரதி விற்பனைக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. என்னிடம் இருக்கும் ஒரு கார்ட்ரிட்ஜை 1988 வெளியீடு என்று எல்லாத் தளங்களும் சொல்கின்றன. உள்ளே இருக்கும் எந்தச் சிப்பும் 1990-க்கு முந்தையது இல்லை. இது மறுபதிப்போ என்று நினைத்து இன்னும் சிலரிடம் கேட்டேன். அவர்கள் பிரதிகளிலும் அப்படித்தான். இதை மட்டும் வைத்து வெளியீட்டு நாளைச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் 1988 என்பதைச் சந்தேகிக்க இது போதும்.

யார் உருவாக்கினார்கள் என்பதில் இதைவிடப் பெரிய குழப்பம். எண்பதுகளில் பல ஜப்பானிய நிறுவனங்கள், போட்டி நிறுவனம் ஆளை இழுத்துவிடக் கூடாது என்று நிரலாளர்களின் உண்மைப் பெயரைப் போட விடவில்லை. கேமின் முடிவில் வருவதெல்லாம் புனைபெயர்கள். ஒரே புனைபெயரை இரண்டு பேர் வைத்திருந்தால், ஒருவர் செய்த வேலை மற்றவர் கணக்கில் ஏறிவிடுகிறது. வாழ்நாள் உழைப்பு இன்னொருவர் பெயரில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இல்லாத கேமைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலிபியஸ் கதை தெரிந்திருக்கும்: 1981-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு கறுப்பு ஆர்கேட் பெட்டி வந்ததாம், ஆடியவர்களுக்கு மனநிலை பாதித்ததாம், அரசாங்க ஆட்கள் வந்து தரவை எடுத்துப் போனார்களாம். அதன் ஒரு போர்டைக்கூட யாரும் காட்டியதில்லை. அந்தக் காலத்து விளம்பரமோ விலைப்பட்டியலோ கிடையாது. ஆர்கேட் கேம்களைப் பட்டியலிடும் ஒரு தளத்தில்தான் அதன் முதல் தடம் இருக்கிறது. அந்தப் பதிவில் 1998 என்று போட்டிருந்தாலும், 2000-க்கு முன் அது இருந்ததற்குச் சான்று இல்லை. 2003-ல் கேம்ப்ரோ இதழ் அதைப் பற்றி எழுதியதும் கதைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, கதைக்குள் சில உண்மைத் துண்டுகள் இருக்கின்றன. 1981-ல் போர்ட்லாந்து ஆர்கேட் ஒன்றில் டெம்பஸ்ட் ஆடிய ஒருவருக்குக் கடும் தலைவலி வந்ததும், ஆஸ்டிராய்ட்ஸில் சாதனை படைக்க மணிக்கணக்கில் ஆடிய இன்னொருவருக்கு உடம்பு முடியாமல் போனதும் நடந்தவை. அதே காலத்தில் சூதாட்டப் புகாரில் எஃப்பிஐ ஆர்கேட்களைச் சோதனை போட்டதும் உண்மை. இவற்றின் மேல்தான் இல்லாத பெட்டியைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 2017-ல் அதே பெயரில் உண்மையாகவே ஒரு கேம் வெளியாகிவிட்டது. இப்போது தேடினால் அதன் ஸ்கிரீன்ஷாட்டை 1981-ன் படம் என்று போட்டுவிடுகிறார்கள்.

*

சின்னதாக ஒன்று. யூடியூபில் "அசல் இசை" என்று ஏற்றப்படும் பழைய கேம் பாட்டுகளை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தது, ஐரோப்பாவில் 50 முறை. பல கேம்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது அதற்கேற்ப மாற்றவில்லை. அதனால் கேமும் இசையும் சுமார் 17% மெதுவாக ஓடும். நான் தேடிய ஒரு கேமின் இசை இணையத்தில் முழுக்க அந்த மெதுவான பதிப்பில்தான் கிடைத்தது. கீழே கருத்து எழுதிய எல்லோரும் "என்ன ஒரு சோகமான மெட்டு" என்று உருகியிருந்தார்கள். இசையமைத்தவர் அதைத் துள்ளலாகத்தான் போட்டிருக்கிறார்.

நிறமும் அப்படித்தான். என்இஎஸ் (நின்டெண்டோவின் பழைய வீட்டு கேம் கருவி) நிறத்தை நேராக டிவி சிக்னலாகவே அனுப்பும். அதனால் எமுலேட்டரில் தெரிவது அதைச் செய்தவரின் மதிப்பீடு.

*

மேலே எழுதிய நண்பர்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எல்லாவற்றையும் புரளி என்று தள்ளிவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. எனக்கு அந்த அனுபவம்தான் அதிகம்.

பயோ ஃபோர்ஸ் ஏப் என்று ஒரு கேம். என்இஎஸ்ஸுக்காகச் செய்து, வெளியிடாமலே கைவிட்டது. 2005-ல் ஒருவர் அதன் கார்ட்ரிட்ஜ் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஸ்கிரீன்ஷாட்கள் போட்டார். எல்லாம் போலி. அதன் பிறகு அந்தப் பெயரை எடுத்தாலே சிரிப்பார்கள். ஆனால் 2010-ல் உண்மையான சோதனைப் பதிப்பு ஜப்பானில் ஏலத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதை டம்ப் எடுத்து, அதாவது உள்ளே இருக்கும் தரவைக் கோப்பாக நகலெடுத்து, எல்லோரும் ஆடும்படி செய்தார்கள். போலிப் படங்களில் பார்த்ததற்கும் உண்மையான கேமுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் அந்தப் படங்கள் இன்னும் சுற்றுகின்றன, உண்மையான படங்களோடு கலந்து.

இ.டி. திரைப்படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கேமைக் குப்பையில் புதைத்த கதையும் இப்படித்தான். நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் அட்டாரி எதையும் புதைக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று ஒரு காலத்தில் திட்டவட்டமாகச் சொன்னார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள், கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. உடனே மறுபக்கம் சாய்ந்து, "லட்சக்கணக்கான இ.டி. பிரதிகள்" என்று எழுத ஆரம்பித்தார்கள். அதுவும் தவறு. 1983-ல் புதைத்த வேலையைக் கவனித்த அட்டாரி மேலாளர் சொன்ன கணக்கு சுமார் 7,28,000 கார்ட்ரிட்ஜ்கள், அதுவும் பல கேம்கள் கலந்தவை. வெளியே எடுத்தது சுமார் 1,300தான், அவற்றிலும் இ.டி. சிறு பங்கே.

சூப்பர் மாரியோ 64-ல் மாரியோவின் தம்பி லூய்ஜி ஒளிந்திருக்கிறான் என்று சொன்னவர்களைப் பல வருடம் கேலி செய்தோம். 2020-ல் கசிந்த நின்டெண்டோ கோப்புகளில் அவனுக்காகச் செய்த மாடல் பாகங்கள் இருந்தன. கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜில் அவன் இல்லை என்பது அப்போதும் சரி, இப்போதும் சரி. அவனைச் சேர்க்க நினைத்தார்கள் என்பதும் சரி. அதனால் ஒரு வதந்தியைப் பார்த்தால் "பொய்" என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்தப் பகுதிக்குச் சான்று இருக்கிறது, எந்தப் பகுதிக்கு இல்லை என்று பிரித்து எழுதுங்கள். அப்புறம் வருபவருக்கு அதுதான் உதவும்.

*

தொடங்கியவன்தான் மறுபடியும். திருத்தப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த விண்வெளிக் கேமின் ஆண்டைத் திருத்தச் சொல்லி ஒரு தகவல் தளத்துக்கு எழுதினேன். "மற்ற தளங்கள் எல்லாம் எங்கள் ஆண்டையே சொல்கின்றன" என்று பதில் வந்தது. அந்தத் தளங்கள் இவர்களிடமிருந்து எடுத்தவை. விளம்பரம் வந்த பக்கத்தின் ஸ்கேனையும், இதழின் அட்டையில் இருக்கும் மாதத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் மாற்றினார்கள். ஆனால் நகல்கள் மாறவில்லை. கேள்வி கேட்டால் தானாகப் பதில் எழுதித் தரும் செயலிகளும் அந்த நகல்களைப் படித்துவிட்டு, பழைய ஆண்டையே துளியும் தயங்காமல் சொல்கின்றன.

நண்பர் சொன்ன சிப் எண்ணை நான் யோசித்தே பார்க்கவில்லை, இந்தக் கேமுக்கும் அதைப் பார்க்க வேண்டும். என்னிடம் கார்ட்ரிட்ஜ் இல்லை. யாரிடமாவது இருந்தால் போர்டின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில், எண்கள் படிக்கும்படி படம் எடுத்துப் போடுங்கள். பெட்டியின் பின்பக்கமும் இருந்தால் நல்லது.

*

என்னிடம் இருக்கிறது, ஆனால் பெட்டி இல்லை. இன்று இரவு கழற்றிப் படம் போடுகிறேன். சின்னத் திருகாணி ஒன்று ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நேரமாகலாம்.